ஒல்லாந்தர் தலையில் கட்டிய கிணறு

எழுபத்தாறு வயதுக்காரனின் தலையில் வெள்ளைக் கவசம் ஒன்றை அழுத்தி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துக் கட்டி, "சேர், கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இம்தியாஸுக்கு அது இருந்தது. தொப்பிக்கு மேலேயே போட்டுக்கொள்கிறேன் என்றேன். ஏலாது, தொப்பியைக் கழற்றுங்கள் என்றான். மருதமுனைக் கடற்கரையில், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து காற்று வாங்க வந்த பதினேழு பேர் பார்த்திருக்க, நான் தொப்பியைக் கழற்றினேன். பதினேழில் ஆறு பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

நின்றுகொண்டே ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் எனக்குப் புதிதல்ல. பதினொரு வருடமாக மகளோடு மெல்பேர்னில் இருக்கிறேன். வீட்டிலிருந்து பூங்காவுக்குப் போக நானூற்றுப் பத்து எட்டு வைப்பதற்குள் ஒன்பது ஸ்கூட்டர் நடைபாதையில் குறுக்கே கிடக்கும், செத்த ஆடு மாதிரி. நகரசபைக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது; அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை. அந்தச் சனியன் எனக்கு முன்பே விமானம் ஏறிக் கல்முனைக்கு வந்து காத்திருக்கும் என்று யார் கண்டது?

நான் வந்த காரியம் ஒரு காணி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டிக்கொள்கிறவன் ஒரு பெட்டியோடு போய்ப் பெண் வீட்டில் குடியிருப்பவன். சாய்ந்தமருதுக் கடற்கரையில் என் மனைவி சுலைஹாவின் வீட்டில் நான் இருபத்துநாலு வருடம் இருந்தேன். அந்த வளவில் என்னுடையது என்று சொல்ல ஒன்றே ஒன்று இருந்தது, நான் இறக்கிய கிணறு. கடல் எழுந்து ஊருக்குள் வந்த நாளில் வீடு போயிற்று. சுலைஹாவும் போனார். காணி மகளுக்கு வந்தது. நான் நாவிதன்வெளிப் பக்கம் வாடகைக்கு இருந்து நீர்ப்பாசன வேலையை முடித்துக்கொண்டு மகளிடம் போய்ச் சேர்ந்தேன். அந்தக் கடற்கரைக்கு ஒருநாளும் திரும்பிப் போகவில்லை.

இப்போது இம்தியாஸ் என்று ஒருவன் மகளை அழைத்து, அந்தக் காணியைக் கேட்டிருக்கிறான். ஸ்கூட்டர்களை நிறுத்திவைத்து மின்சாரம் ஏற்ற ஒரு கொட்டில் போட வேண்டுமாம். மகள் முடிவை என்னிடம் விட்டாள். "வாப்பா, போய்ப் பாத்துச் சொல்லுங்க. குடு எண்டா குடுக்கிறன், வேணா எண்டா வேணா." வேண்டாம் என்பதை நான் விமானத்திலேயே தீர்மானித்திருந்தேன். ஆனால் இம்தியாஸ் தொலைபேசியில், "சேர், எங்கட டூர்ல ஒரு தரம் வந்து பாருங்க, மறுகா ஏசுங்க" என்றான். ஏசுவதற்கு அனுமதி கேட்காமலே கிடைப்பது அபூர்வம். வருகிறேன் என்றேன்.

முதல் நாள் முழுவதும் சாப்பாட்டில் போயிற்று. சுலைஹாவின் தங்கை ஜெஸீமா வீட்டில் தங்கினேன். கடலிலிருந்து ஆயிரத்து அறுநூறு எட்டு வைக்கும் தூரம் உள்ளே இருக்கிறது வீடு. அதைவிடக் கடல் பக்கம் வரமாட்டேன் என்று அவள் கடல் வந்த அன்றே சொன்னவள். புட்டு, கீரி மீன் ஆணம், மாசிச் சம்பல், எருமைத் தயிர். மெல்பேர்னில் தயிர் என்று விற்பதைக் கரண்டியால் அள்ளலாம், கத்தியால் வெட்ட முடியாது. இது வெட்டிய இடத்தில் சுவர் மாதிரி நின்றது. கீரி பதினாலு சாப்பிட்டேன்.

"பதினாலா? பதினஞ்சு" என்றாள் ஜெஸீமா. "முள்ள எண்ணிப் பாருங்க மச்சான், உங்களுக்கு அதுதானே தொழில்."

எண்ணினேன். பதினாலுதான்.

"நாளைக்குச் சாரனோட போயிராதீங்க. அந்தச் சாமான்ட சில்லுல சிக்கினா, பாக்கிறதுக்கு வெள்ளக்காரனும் நிப்பான்" என்றும் சொன்னாள். அதனால் காற்சட்டை.

இரண்டாம் நாள் காலை மருதமுனையில் நாங்கள் நாலு பேர். முன்னால் இம்தியாஸ், முப்பது தாண்டிய ஆள், கறுத்த தாடி, கைத்தறிச் சட்டை. அவனுக்குப் பின்னால் அறுகம்பேயிலிருந்து வந்த ஜெர்மன் தம்பதி. கணவர் பாலம் கட்டும் பொறியியலாளர், மனைவி பள்ளி ஆசிரியை. கடைசியில் நான். இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் ஊர், தெற்கே நேராகச் சாய்ந்தமருது வரை. இதற்கு வழிகாட்டி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கடலைத் தவறவிட யாராலும் முடியாது.

வழிகாட்டி எதற்கு என்பது முதல் நிறுத்தத்தில் விளங்கியது. பொய் சொல்ல. "இலங்கையின் கிழக்கு முனையில் இப்போது நிற்கிறீர்கள்" என்றான் ஆங்கிலத்தில். ஜெர்மன்காரி கடலைப் பார்த்து மூச்சை இழுத்து விட்டார். கிழக்கு முனை பொத்துவிலுக்கு இங்கால் சங்கமன்கண்டியில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்: பிழை 1.

அதற்குப் பிறகு நான் காட்சி பார்க்கவில்லை, கணக்கெடுத்தேன். கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல்லை, படைத்தவன் போட்ட பாறைகள் என்றான். அந்தக் கல்லைக் கொட்டிய லொறியின் சில்லுத் தடம் இன்னும் அங்கே கிடந்தது. பிழை 2. ஆயிரம் தென்னை என்றான்; எண்ணினேன், அறுபத்து மூன்று, அதில் நாலு மொட்டை. பிழை 3. தயிர் பசுப்பாலில் செய்வது என்றான். முந்தின நாள் என் தட்டில் இருந்த எருமைக்குக்கூட அது அவமானம். பிழை 4. நான் ஒருதரம் இருமினேன். அவன் திரும்பிப் பார்த்து, "சேருக்குத் தண்ணி வேணுமா?" என்றான்.

பாண்டிருப்பு தாண்டியதும் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பெட்டரியில் இரண்டு கோடு இன்னும் இருந்தது. அதையும் நம்ப முடியாது என்று ஆயிற்று. இம்தியாஸ் ஒரு கயிற்றை எடுத்து என் ஸ்கூட்டரைத் தன்னுடையதோடு கட்டினான். முப்பத்தைந்து வருடம் நீர்ப்பாசன வேலையில் இருந்து, மதகு திறந்தால் எத்தனை வயலுக்குத் தண்ணீர் போகும் என்று சொல்லி வந்த ஆள், இழுபட்டுப் போகும் மாடு மாதிரிக் கல்முனைக்குள் நுழைந்தேன். ஒழுங்கை வாயிலில் நின்ற ஒரு பெண் இன்னொருத்தியிடம், "இது ஆர்கா, ஏலாத ஆள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறானா?" என்றாள். மற்றவள், "ஆஸ்பத்திரி அங்கால கா, இது மையவாடிப் பக்கம் போகுது" என்று என்னை அடக்கம் செய்யவே அனுப்பிவிட்டாள். கயிறு நீளமாக இருந்திருந்தால் இறங்கிப் பதில் சொல்லியிருப்பேன்.

கல்முனைக்குடியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு பாதைக்குக் குறுக்கே. நிறுத்த வேண்டியதாயிற்று. வடக்குக் கயிற்றில் பத்துப் பேர், தெற்குக் கயிற்றில் ஒன்பது பேர். இம்தியாஸ், "நீங்களும் இழுக்கலாம், படம் எடுக்கிறேன்" என்றதும் ஜெர்மன்காரர் தெற்குக் கயிற்றைப் பிடித்தார். இரண்டு பக்கமும் சமமாயிற்று. அன்று நடந்த ஒரே ஒழுங்கான காரியம் அது.

வலை கரைக்கு வந்தது. வலைக்காரர்களில் மூத்தவர் ஒரு பையில் ஐந்து பாரைக்குட்டி போட்டு ஜெர்மன்காரரிடம் நீட்டினார். அவர் இரண்டு கையையும் விரித்து, சிரித்து, வேண்டாம் என்றார். மூத்தவரின் கை நீட்டியபடியே நின்றது. இம்தியாஸ் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கயிற்றில் கை வைத்தவன் கறிக்கு மீன் வாங்காமல் போகக்கூடாது" என்றேன் ஆங்கிலத்தில். "இது உங்களுக்குத் தரும் பரிசு இல்லை. உங்கள் பங்கு. நீங்கள் வாங்காவிட்டால், இழுத்தது வேலை இல்லை, விளையாட்டு என்று ஆகிறது. மற்றப் பத்தொன்பது பேரும் விளையாடவில்லை."

அவர் முகம் சிவந்து, பையை இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்தார். பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடமே தந்தார். நான் கைபிடியில் மாட்டிக்கொண்டேன். மூத்தவர் இம்தியாஸைப் பார்த்து, "வாத்தியார ஆரு கொண்டு வந்த? ஒனக்கும் சேத்துப் படிச்சுக் குடுப்பார்" என்றார்.

வாத்தியார் அல்ல என்று சொல்வதற்குள் இம்தியாஸின் கயிறு என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. பிழை 5, 6, 7 வழியில் வந்தன. ஏழாவது, சாய்ந்தமருதில் எங்கள் தோணாவை ஆறு என்றது. மழைக்கு நிரம்பி, வெயிலுக்கு வாய் மூடும் நீரோடையை ஆறு என்றால் ஆற்றை என்னவென்பது?

தோணாவைத் தாண்டி இம்தியாஸ் நிறுத்தினான். மணலில் ஒரு சிறு கோபுரம் நின்றது. வட்டமாக, என் நெஞ்சளவு உயரம், கடலைப் பார்த்துச் சற்றுச் சாய்ந்து. அலை வந்து அதன் காலைத் தொட்டுப் போனது.

"முன்பு இந்தக் கரையை ஆண்ட ஒல்லாந்தர் கட்டிய காவற் கோபுரம்" என்றான் இம்தியாஸ். "அடுக்குகளைப் பாருங்கள், மொத்தம் ஐந்து. உள்ளே எட்டிப் பார்த்தால் கோடுகள் தெரியும். கடலில் போன கப்பல்களை எண்ணிக் கீறிய கோடுகள்."

நான் எட்டிப் பார்த்தேன். கோடுகள் இருந்தன. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒன்று, மூன்றாவது மட்டும் நீளம்.

அது கோபுரம் அல்ல. கிணறு. கரையைக் கடல் அரித்துக்கொண்டு போக, மண்ணுக்குள் இருந்த சீமெந்து வளையங்கள் வெளியே நிற்கின்றன. ஓரடி வளையத்தை மணலில் வைத்து, உள்ளே நின்று மண்ணைத் தோண்டத் தோண்ட, அது தன் பாரத்தில் தானே இறங்கும். அதற்கு மேல் அடுத்தது. அப்படி ஐந்து நாளில் இறக்கினேன். வாய்க்காலில் தண்ணீர் அளக்கக் கோடு போடுவது போல, அடிக்கு ஒரு கோடு உள்ளே உளியால் வெட்டினேன்; மூன்றாவதில் உளி வழுக்கிற்று. "கிணத்துக்கும் அடிமட்டமா? சோத்துப் பானைக்கும் ஒண்டு வெட்டுங்க" என்று சுலைஹா சிரித்தார்.

கடல் வந்த அன்று நான் நாவிதன்வெளியில் மதகடியில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, போயிருக்க வேண்டியதே இல்லை. சுலைஹா கிணற்றடியில் தனியே நின்றார் என்று ஜெஸீமாவின் கணவர் பிறகு சொன்னார். இருபது வருடமாக என் கணக்கில் அந்தக் கிணற்றடியில் ஒருவர்தான் நிற்கிறார்.

"இம்தியாஸ், இஞ்சால வா" என்றேன். ஜெர்மன்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எந்த ஒல்லாந்தன் கட்டின?"

"சேர், மெல்லக் கதைங்க."

"மெல்லக் கதைக்க ஏலா. இது என்ட கிணறு. அது என்ட கோடு. இதுல கப்பல் எண்ணினவன் ஆரு? உனக்குக் காணியும் வேணும், காணியில இரிந்த ஆக்கள்ட பேரும் இரிக்கப்படாதா? என்ட மகள் ஒரு பிடி மண் தரமாட்டா."

"தெரியும் சேர். உங்கட கிணறு எண்டு தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?"

"மாரியில எத்தின கோடு நனைஞ்சிரிக்கி எண்டு எட்டிப் பாத்து உங்களுக்குச் சொல்ற வேல எனக்குத்தான் தந்திரிந்தீங்க. ஒரு தரம் பிழையாச் சொன்னதுக்குக் காதத் திருகினீங்க."

நான் அவன் காதைப் பார்த்தேன். காதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"கதீஜாட மூத்தவனா?"

"நடுவுலான். மூத்தவர் கட்டார்ல."

அடுத்த வளவுக் கதீஜாவுக்கு மூன்று பிள்ளைகள். அந்த எண்ணிக்கையை நான் சரியாக வைத்திருந்தேன். முகங்களை வைத்திருக்கவில்லை.

"போன்ல ஏன் சொல்லல?"

"சொன்னா இரக்கப்பட்டுத் தருவீங்க. டூரப் பாத்துட்டுத் தாங்க எண்டு நினைச்சன்." அவன் கிணற்றின் விளிம்பில் கை வைத்தான். "அண்டைக்கு நான் டியூஷனுக்குப் போயிட்டன். எங்கட கிணறு அந்தக் கிழம உப்புப் பத்தியிரிந்திச்சி. உம்மா உங்கட கிணத்துக்குத்தான் தண்ணிக்கு வந்த. தங்கச்சியும் வந்திரிக்கா. ஒரு வாளி காணா, இன்னொண்டு எடுத்துவா எண்டு அவள வீட்ட அனுப்பியிரிக்காங்க. அவ திரும்பிப் பாக்கக்குள்ள சுலைஹா ராத்தாவும் உம்மாவும் சிரிச்சுக் கதைச்சிக்கிட்டு நிண்டாங்களாம். மறுகா கடல் வர அவ ரோட்டுப் பக்கம் ஓடித் தப்பின."

அலை ஏழு தரம் வந்து போயிற்று.

"முதல் மாசம் உண்மையத்தான் சொன்னன் சேர்" என்றான். "வாற ஆக்கள் என்னக் கட்டிப் பிடிச்சி அழுவாங்க. உம்மாட பேரென்ன எண்டு கேப்பாங்க. என்னயும் கிணத்தயும் சேத்துப் படம் எடுப்பாங்க. மறுகா தண்ணியக் குடிச்சிட்டு ஸ்கூட்டர்ல ஏறுவாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு டூர். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் உம்மாவ மௌத்தாக்க என்னால ஏலா. இதில நிப்பாட்டாமப் போகவும் மனம் வராது. அதான் ஒல்லாந்தர்ட தலையில கட்டினன். அவங்களுக்கு நோகாது."

என் கையில் குறிப்புப் புத்தகம் திறந்தே இருந்தது. பிழை 8 என்று எண்ணை மட்டும் எழுதியிருந்தேன்.

அப்போது ஜெர்மன்காரர் வந்தார். உடைந்த விளிம்பைக் காட்டினார். துருப்பிடித்த கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "மன்னியுங்கள், நான் பாலம் கட்டுகிறவன். ஒல்லாந்தர் காலத்தில் கம்பி வைத்த கொங்கிரீட் இருக்க முடியாதே" என்றார். இம்தியாஸ் மணலைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். காலை முழுவதும் குறித்துக்கொண்டே வந்த கிழவன் உண்மையைச் சொல்வான் என்று நினைத்திருப்பார்.

என் உத்தியோகத்தில் ஒரு நாளும் நான் பிழையான அளவைக் கொப்பியில் ஏற்றியதில்லை.

"ஒல்லாந்தர் காலந்தான்" என்றேன். "பிற்காலத்தில் நீர்ப்பாசன வேலையில் இருந்த ஒருவர் திருத்திக் கட்டினார். அதுதான் கம்பி. ஆனால் அடுக்கு ஐந்து அல்ல. பதினொன்று. ஆறு மண்ணுக்குள்ளே இருக்கின்றன."

அவர் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலைக் கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் கிணற்றுக்கு முன்னால் நின்றார். மனிதன் முட்டாள் அல்ல.

ஜெஸீமாவின் வீட்டுக்கு ஐந்து பாரைக்குட்டியோடு போனேன். கதீஜாவும் கூட நின்றதாகச் சொன்னேன். அவள் செதில் உரிப்பதை நிறுத்தி, கத்தியைக் கீழே வைத்தாள். "கதீஜாத்தாவா? அப்ப ராத்தா தனிய நிக்கல்ல" என்றாள். பிறகு கத்தியை எடுத்து, "ரெண்டு பேரும் ஒண்டாச் சேந்தா தண்ணி அள்ள ஒரு மணித்தியாலம் எடுப்பாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் நான் நடந்தே காணிக்குப் போனேன். கிணற்றிலிருந்து மேற்கே இருபத்திரண்டு எட்டு மிஞ்சியிருக்கிறது. மீதி கடலுக்கு. மகளை அழைத்துக் குடு என்றேன், மூன்று நிபந்தனையோடு. கொட்டில் கிணற்றிலிருந்து பத்து எட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அடுக்கின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் தொப்பிக்கு மேல் கவசம் போட இடம் கொடுக்க வேண்டும்.

"வாப்பா, இதெல்லாம் காணி உறுதியில எழுதுற விசயமா?"

"எழுது" என்றேன்.

மற்ற ஏழு பிழைகளையும் தாளில் எழுதி இம்தியாஸிடம் கொடுத்திருக்கிறேன். சங்கமன்கண்டிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். எட்டாவதை அடித்துவிட்டேன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டபோது, "தமிழ்ல எழுதினா எழுதுங்க சேர், டூருக்கு வாறவங்க படிக்க மாட்டாங்க" என்றான்.

அவன் அதைச் சொல்லிவிட்டுப் போய் ஒரு மணித்தியாலத்தில் ஐந்து ஸ்கூட்டர்களோடு திரும்பி வந்தான். எல்லாம் புதிய முகங்கள். நான் இருபத்திரண்டாம் எட்டில், கொட்டில் வரப்போகும் இடத்தில் நின்றேன். அவன் என்னைக் காணாதவன் போலக் கிணற்றைக் காட்டினான். ஒல்லாந்தர் என்றான். கப்பல்கள் என்றான். பதினொரு அடுக்கு, ஐந்து கண்ணுக்குத் தெரிவது, ஆறு மண்ணுக்குள்ளே என்றான்.

ஒரு பெண் குனிந்து மணலைப் பார்த்து, "மண்ணுக்குள் ஆறு என்று எப்படித் தெரியும்? தோண்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றான் இம்தியாஸ். "எண்ணி வைத்த ஒருவர் இருக்கிறார்."